சார்ல்ஸ்டனில் ஒரு பழைய வீட்டைப் படிப்பதும் காப்பதும்: முழுமையான வழிகாட்டி

தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் பழைய வீடு வாங்குகிறவர்கள், சாவி கைக்கு வந்ததும் இரண்டு வேலைகளுக்குத் துடிக்கிறார்கள். உதிரும் காரையைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூச வேண்டும்; காற்று புகும் மரச் சன்னல்களைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்ட வேண்டும். இரண்டையும் செய்யாதீர்கள். 1740, 1838, 1861 ஆண்டுகளின் பெருந்தீக்களுக்கும் உள்நாட்டுப் போரின் பீரங்கிக் குண்டுகளுக்கும் 1886 நிலநடுக்கத்துக்கும் தப்பிய செங்கற்கள், நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்டால் முகம் உதிர்ந்து நிற்பதை அந்த ஊர்த் தெருக்களில் பார்க்கலாம். பழைய வீட்டுக்குக் காலம் செய்யும் கேட்டைவிட அவசரப் பழுதுபார்ப்பு செய்யும் கேடு பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் உயிர். ஊரை அறிந்து, வீட்டை அறிந்து, ஆவணங்களைப் படித்து, அனுமதியையும் பணத்தையும் முடித்துக்கொண்டு, தண்ணீரை நிறுத்திய பிறகே கொத்தனாரை அழைக்க வேண்டும். வண்ணம் கடைசி. வீடு வாங்கும் எண்ணம் இல்லாமல் ஊர் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கும் முதல் ஐந்து படிகள் பயன்படும்.

முதல் படி: இந்த ஊர் எப்படி மிஞ்சியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆங்கிலேயக் குடியேற்றம் 1670இல் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் ஆஷ்லிக்கும் கூப்பருக்கும் இடையே நீண்டிருக்கும் இன்றைய நிலமுனைக்கு இடம் மாறியது. நெல்லும் அவுரியும் அடிமை வணிகமும் அதைச் செல்வத்தில் மிதக்க வைத்தன. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்தச் செல்வம் வற்றியது. மற்ற அமெரிக்க நகரங்கள் பழையதை இடித்துப் புதியதைக் கட்டிக்கொண்டிருந்தபோது சார்ல்ஸ்டனுக்கு இடிக்கவும் காசு இல்லை. வண்ணம் பூச வசதி இல்லை, வெறும் வெள்ளையடிக்க மானம் விடவில்லை என்று அந்த ஊர்க்காரர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுண்டு. வறுமைதான் முதல் காவலாளி.

இரண்டாவது காவல் மனிதர்கள் போட்டது. மோட்டார் கார் வந்தபின் பழைய மாளிகைகளின் இடத்தில் பெட்ரோல் நிலையங்கள் முளைத்தன. வெளியூர் அருங்காட்சியகங்களும் பழம்பொருள் சேகரிப்பாளர்களும் மரவேலைப்பாடுள்ள அறைகளை அப்படியே பெயர்த்து வாங்கிச் சென்றனர். ஜான் ஸ்டூவர்ட் என்பவரின் 18ஆம் நூற்றாண்டு வீட்டு அறைகளின் மரவேலைகள் இன்றும் மினியாபொலிஸ் கலைக்கூடத்தில் இருக்கின்றன. 1803இல் கட்டிய ஜோசப் மானிகோ வீடு இடிபடும் நிலைக்கு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவரும் வீட்டுமனைத் தரகருமான சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் 1920இல் அக்கம்பக்கத்தாரைக் கூட்டினார். இன்று சார்ல்ஸ்டன் பாதுகாப்புச் சங்கம் என்று அறியப்படும் அமைப்பு அப்படிப் பிறந்தது. மானிகோ வீட்டின் தோட்டம் பிறகு பெட்ரோல் நிலையமானது. வீடு மட்டும் பிழைத்து 1933இல் சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தது.

1931 அக்டோபரில் நகரசபை ஒரு சட்டம் இயற்றியது. ஒரு வரலாற்றுப் பகுதியை முழுதாகக் காக்கும் நோக்கில் அமெரிக்காவில் வந்த முதல் மண்டலச் சட்டம் (எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் சட்டம்) அது. தனி வீட்டை அல்லாமல் தெருவையே காக்க வேண்டும் என்ற சிந்தனை அங்கேதான் சட்ட வடிவம் பெற்றது. நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்கள் பின்தொடர்ந்தன. 1947இல் ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் அறக்கட்டளை தொடங்கியது. 1950களின் இறுதியில் ஆன்ஸன்பரோ என்ற பகுதியில் அது சுழல்நிதி முறையைப் பயன்படுத்தியது. இடியும் வீட்டை வாங்கி, வெளிப்புறத்தை நிலைப்படுத்தி, எதிர்காலத்தில் சிதைக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி விற்று, வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்குவது அதன் வழி. வீடுகள் பிழைத்தன. அவற்றில் வாடகைக்கு இருந்த கறுப்பினக் குடும்பங்கள் பல வெளியேற வேண்டி வந்தது. ஆன்ஸன்பரோவின் வெற்றியைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: தெருவில் நின்று வீட்டைப் படியுங்கள்

உள்ளே போக அவசரப்படாதீர்கள். சார்ல்ஸ்டனின் தனி முத்திரை ‘சிங்கிள் ஹவுஸ்’ எனப்படும் வீடு. அகலத்தில் ஒரே ஓர் அறை. குறுகிய பக்கம் தெருவைப் பார்க்கும், நீளம் மனைக்குள் ஓடும். ஒவ்வொரு மாடியிலும் நடுவில் படிக்கட்டுக் கூடம், அதன் இருபுறமும் ஒவ்வோர் அறை. நீளப் பக்கத்தில், பெரும்பாலும் தெற்கையோ மேற்கையோ நோக்கி, மாடிக்கு மாடி திறந்த தாழ்வாரம். அதை ஊரார் ‘பியாசா’ என்கிறார்கள். தெருவில் தெரியும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், தாழ்வாரத்துக்குப் போவீர்கள். உண்மையான வாசல் தாழ்வாரத்தின் நடுவில் இருக்கிறது. கடல் காற்று தாழ்வாரத்தைக் கடந்து, ஓர் அறை அகலம் மட்டுமே உள்ள வீட்டை ஊடுருவி வெளியேறும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில், ஈரப்புழுக்கம் நிறைந்த ஊரில், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வீட்டமைப்பைக் கற்பனை செய்ய எனக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டாரின் தாழ்வாரத்தைப் பார்க்கும் வடபுறச் சுவரில் சன்னல்கள் குறைவாக இருப்பதையும் கவனியுங்கள். அண்டைவீட்டாரின் தனிமைக்குத் தந்த மரியாதை என்று அதைச் சொல்வார்கள்.

பியாசாவின் மேற்கூரை வெளிர்நீலமாக இருந்தால் வியக்காதீர்கள். தீய ஆவிகளை அண்டவிடாத நிறம் என்பது அடிமைகளின் வழிவந்த, ‘கல்லா’ (Gullah) எனப்படும் இனத்தாரின் நம்பிக்கை.

அடுத்து சுவரைப் பாருங்கள். மாடித் தளங்களின் மட்டத்தில் வட்டமாகவோ சிலுவையாகவோ, சிங்க முகமாகவோகூட இரும்புத் தகடுகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் 1886 நிலநடுக்கத்தின் நினைவுச் சின்னங்கள். ஆகஸ்டு 31 இரவில் வந்த அந்த அதிர்ச்சியின் அளவு ஏறத்தாழ 7. சுமார் 60 பேர் இறந்தார்கள். அதன்பின் பிதுங்கிய சுவர்களைக் கட்டிப்போட, வீட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, வெளியே தகடு வைத்து முடுக்கினார்கள். அழகுக்காக அவற்றை நீக்குவதோ, உறுதிக்காக நீங்களே மேலும் முடுக்குவதோ ஆபத்து. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அவற்றைத் தொட வேண்டாம்.

சன்னல் கண்ணாடிகளை எண்ணினால் காலத்தை ஊகிக்கலாம். பெரிய கண்ணாடி வார்ப்பது கடினமாக இருந்த காலத்தில் மேல் சட்டத்தில் ஒன்பது, கீழ்ச் சட்டத்தில் ஒன்பது. பிறகு ஆறும் ஆறும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டும் இரண்டும். ஆணியும் பேசும். கொல்லர் அடித்த ஆணி 1800ஐ ஒட்டியதோ அதற்கு முந்தியதோ ஆகலாம்; இயந்திரத்தில் வெட்டிய பட்டை ஆணி 19ஆம் நூற்றாண்டுக்குரியது; உருண்டைக் கம்பி ஆணி 1890க்குப் பின் பரவியது. சன்னலையும் ஆணியையும் மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பழைய வீட்டில் பிற்காலச் சன்னல் மாட்டியிருப்பது சாதாரணம்.

ஈஸ்ட் பே தெருவில் ‘ரெயின்போ ரோ’ எனப்படும் 13 வண்ண வீடுகளைப் பற்றி ஒரு கதை கேட்பீர்கள். குடித்துவிட்டு வரும் மாலுமிகள் தங்கள் வீட்டை அடையாளம் காண்பதற்காக இந்த நிறங்கள் பூசப்பட்டன என்பார்கள். அது கட்டுக்கதை. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக இருந்த வணிகர் வீடுகள் அவை. பாழடைந்து கிடந்த வரிசையில் 1931இல் ஒரு வீட்டை வாங்கிய டோரதி போர்ச்சர் லெக் அதற்கு இளஞ்சிவப்புப் பூசினார், பக்கத்தார் தொடர்ந்தார்கள். ஒரு வீட்டைத் திருத்தினால் தெருவே திருந்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்த ஊரில் இல்லை.

மூன்றாம் படி: பின்கட்டுக்குப் போங்கள்

பெரிய வீட்டின் முகப்பைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பாதி வீட்டைத்தான் பார்க்கிறார்கள். மனையின் பின்புறத்தில் தனியாக ஒரு சமையற்கட்டு இருக்கும். அதன் மாடியில் அடிமைகள் வாழ்ந்தார்கள். குதிரை லாயம், சலவைக்கூடம், கழிப்பிடம் எல்லாம் அங்கேதான். இன்று பல பின்கட்டுகள் விருந்தினர் அறைகளாகவும் வாடகை வீடுகளாகவும் மாறிவிட்டன. உங்களுக்கு அப்படி ஒன்று வாய்த்தால், அதைப் பிரதான வீட்டுக்கு இணையான கவனத்தோடு ஆராயுங்கள். கணப்பின் அளவு, கதவில் பூட்டு இருந்த பக்கம், சுவரில் படிந்த சுண்ணாம்பு அடுக்குகள் எல்லாம் எழுத்தில் இடம்பெறாத மனிதர்களின் வாழ்க்கைக்குச் சாட்சிகள்.

செங்கல்லையும் கூர்ந்து பாருங்கள். வாண்டோ, கூப்பர் ஆற்றங்கரைத் தோட்டங்களில் அடிமைகள் களிமண் மிதித்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்ட கற்கள் இவை. பச்சைக் கல்லைத் தூக்கிய விரல்களின் தடம் சிலவற்றில் அப்படியே பதிந்திருக்கிறது. அவற்றுள் குழந்தைகளின் விரல்களும் உண்டு. அப்படிப்பட்ட கல்லின் மேல் பூச்சு ஏற்றுமுன் படமெடுத்து, இடத்தைக் குறித்துவையுங்கள். முடிந்தால் பூசாமல் விடுங்கள். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் கணிசமானோர் கரையிறங்கியது இந்தத் துறைமுகத்தில். அவர்களில் பலர் இறக்கப்பட்ட கேட்ஸ்டன் படகுத்துறை இருந்த இடத்திலேயே 2023இல் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வீட்டு வேலையைத் தொடங்குமுன் அங்கே ஒரு முழுநாள் செலவிடுங்கள். நீங்கள் காக்கப் போகும் கட்டடத்தைக் கட்டியவர்கள் யார் என்பது அங்கே தெரியும்.

நான்காம் படி: ஆவணங்களைத் தேடுங்கள்

மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உரிமை மாற்றங்களைப் பின்னோக்கித் தொடருங்கள். மக்ரேடி தொகுப்பு எனப்படும் பழைய மனை வரைபடங்கள் அங்கே கிடைக்கும். காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் தயாரித்த சான்போர்ன் வரைபடங்கள் 1884 முதல் உள்ளன. செங்கல் வீடு இளஞ்சிவப்பிலும் மர வீடு மஞ்சளிலும் காட்டப்பட்டிருக்கும். அடுத்தடுத்த பதிப்புகளை ஒப்பிட்டால் தாழ்வாரம் எப்போது சேர்ந்தது, பின்கட்டு எப்போது மறைந்தது என்று புலப்படும். 1886 நிலநடுக்கத்துக்குப் பின் வீடு வீடாகச் சேதத்தைக் குறித்த பதிவேடும் இருக்கிறது. உங்கள் வடபுறச் சுவர் அன்றே விரிசல் விட்டதா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்கக்கூடும். அந்தப் பதில் பொறியாளருக்கும் வேண்டும். பொது நூலகத்தின் தென் கரோலினா அறையில் இதற்கெல்லாம் உதவும் நூலகர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: எந்த வழி என்று முடிவெடுங்கள்

அமெரிக்க உள்துறை அமைச்சகத்தின் நெறிமுறைகள் நான்கு வழிகளை வகுக்கின்றன. இருப்பதை இருப்பதுபோல் காப்பது. இன்றைய பயன்பாட்டுக்கு ஏற்பச் சீரமைப்பது. ஒரு குறிப்பிட்ட காலத்தின் தோற்றத்துக்கு மீட்பது. அழிந்ததை மறுபடி எழுப்புவது. ஏட்டில் படித்தால் வேறுபாடு மனத்தில் தங்காது. சார்ல்ஸ்டனில் மூன்று வீடுகளைப் பார்த்தால் தங்கும்.

மீட்டிங் தெருவில் 1808இல் முடிந்த நத்தானியேல் ரஸ்ஸல் வீடு மீட்பு வழிக்கு உதாரணம். சுவரில் சாயாமல் மூன்று மாடி சுழன்றேறும் படிக்கட்டும், ஆய்வு செய்து திரும்பப் பூசிய பழைய நிறங்களும் கண்ணைப் பறிக்கும். எலிசபெத் தெருவில் 1820ஐ ஒட்டிக் கட்டிய ஐக்கன்-ரெட் வீடு இதற்கு நேர் எதிர். அங்கே கிழிந்த சுவர்த்தாளும் வெடித்த காரையும் கண்டது கண்டபடி விடப்பட்டிருக்கின்றன. பழுது மேலும் பரவாமல் தடுக்கிறார்கள், அவ்வளவுதான். பின்கட்டில் சமையற்கட்டும் அடிமைகளின் அறைகளும் முழுமையாக எஞ்சியிருப்பதால் அந்த வீடு சொல்லும் உண்மை ரஸ்ஸல் வீட்டைவிடக் கனமானது. நகருக்கு வெளியே ஆஷ்லி கரையில், 1738இல் கட்டத் தொடங்கிய டிரேட்டன் ஹால் இருக்கிறது. ஏழு தலைமுறை ஒரே குடும்பத்திடம் இருந்து 1974இல் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு வந்தது. மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ அந்த மாளிகைக்குள் வந்ததே இல்லை. அறைகளில் தட்டுமுட்டுச் சாமான் எதுவும் கிடையாது.

குடியிருக்கப் போகிறவர்களுக்குச் சீரமைப்பு வழிதான் பொருந்தும். அதிலும் ஐக்கன்-ரெட் வீட்டின் மனப்பாங்கைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். 1850இல் சேர்த்த தாழ்வாரமும் 1920இல் மாற்றிய கணப்பும்கூட அந்த வீட்டின் வரலாறு. எல்லாவற்றையும் பிடுங்கி வீட்டை அதன் பிறந்த நாளுக்குத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

ஆறாம் படி: அனுமதி வாங்குங்கள்

1931 சட்டம் உருவாக்கிய கட்டடக்கலைச் சீராய்வு வாரியத்தை ஊரார் ‘பி.ஏ.ஆர்.’ என்று சுருக்கி அழைக்கிறார்கள். தொடக்கத்தில் அதற்கு இடிப்பைத் தடுக்கும் அதிகாரமே இல்லை. அது பிற்பாடுதான் படிப்படியாக வந்தது. இப்போது சிறிய கட்டடங்களுக்கு ஒரு வாரியமும் பெரியவற்றுக்கு இன்னொன்றும் இயங்குகின்றன. வீட்டின் உட்புறம் அவர்கள் பொறுப்பில் இல்லை. பொதுத் தெருவிலிருந்து தெரியும் வெளிப்புற மாற்றங்களே அவர்கள் கவலை. பகுதிக்கும் கட்டடத்தின் வயதுக்கும் ஏற்ப விதி மாறும் என்பதால், உங்கள் மனை எந்தப் பகுதியில் விழுகிறது என்று நகரத் திட்ட அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். சிறு பழுதுகளை அலுவலர்களே அனுமதிப்பார்கள். பெரிய வேலைகள் கருத்துநிலை, தொடக்கநிலை, இறுதிநிலை என மூன்று கட்டம் தாண்ட வேண்டும். பத்திரத்தில் ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் அறக்கட்டளையின் காப்பு நிபந்தனை இருந்தால் அவர்களுடைய ஒப்புதல் தனி.

விண்ணப்பத்தோடு நல்ல படங்கள், அளவெடுத்த வரைபடம், நான்காம் படியில் சேர்த்த ஆவணங்கள் மூன்றையும் வையுங்கள். ஆவணத்தோடு வருகிறவரிடம் வாரியம் வேறு விதமாகப் பேசும்.

ஏழாம் படி: பணம், வேலைக்கு முன்

இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளி இழந்தவர்கள் அதிகம். நீங்கள் குடியிருக்கும் வரலாற்று வீட்டுக்குத் தென் கரோலினா மாநிலம் தகுதியான செலவில் 25 சதவீதம் வரிச்சலுகை தருகிறது; 36 மாதங்களுக்குள் 15,000 டாலருக்கு மேல் செலவாகியிருக்க வேண்டும். வேலை தொடங்குமுன்னரே விண்ணப்பித்து ஒப்புதல் பெறுவது நிபந்தனை. மத்திய அரசின் 20 சதவீதச் சலுகை வாடகை வீடு, கடை, விடுதி போன்று வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டுமே. ஐந்து ஆண்டுகளில் பிரித்துக் கழித்துக்கொள்ளலாம். இரண்டிலும் உள்துறை நெறிமுறைகளை மீறினால் சலுகை போய்விடும். கணக்கரிடம் முதலில், ஒப்பந்தக்காரரிடம் பிறகு.

எட்டாம் படி: தண்ணீரை நிறுத்துங்கள்

மேலிருந்து தொடங்குங்கள். ஸ்லேட் பலகை, களிமண் ஓடு, மடிப்புத் தகடு என எந்தக் கூரையானாலும், முதலில் கெடுவது புகைபோக்கியும் கூரையும் சந்திக்கும் இடமும் பள்ளச் சந்திப்புகளும்தான். அடைத்த மழைநீர்க் குழாய் ஒன்று போதும், ஒரு மூலைச் சுவரையே ஊறவைத்துவிடும். அடுத்து அடித்தளம். தோட்ட மண் உயர்ந்து செங்கல்லைத் தொடக் கூடாது. சுவரை ஒட்டித் தெளிப்பான் வைக்கக் கூடாது. தரைக்கடியில் காற்று ஓட விட்ட துளைகளை அடைக்கக் கூடாது. ஈரம் இருக்கும் இடத்துக்குக் கறையான் வரும். ஃபார்மோசன் கறையான் 1950களிலேயே இந்தத் துறைமுகத்தில் தென்பட்டது. ஆண்டுக்கொரு முறையாவது சோதனை தேவை.

கீழிருந்து வரும் தண்ணீர் இன்னும் பெரிய கதை. நிலமுனையின் கணிசமான பகுதி ஓடைகளையும் சதுப்பையும் நிரப்பி எடுத்த நிலம். துறைமுகத்தில் கடல்மட்டம் கடந்த நூறாண்டில் ஏறத்தாழ ஓர் அடி உயர்ந்திருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் பெருவோதம் எனப்படும் உயர்ந்த கடலேற்றம் தெருவுக்கு ஏறுகிறது. 2017இல் இர்மா புயல் கடந்தபோது பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதன்பின் பழைய வீடுகளை முட்டுக்கொடுத்துத் தூக்கி உயர்த்துவதை வாரியம் ஏற்கத் தொடங்கி, 2019இல் அதற்கென வழிமுறையும் வெளியிட்டது. தெருவோடு இருந்த உறவு மாறிவிடுமே என்று தயங்குகிறவர்களைப் புரிந்துகொள்கிறேன். இருந்தாலும் மூழ்கும் வீட்டைவிட உயர்ந்த வீடு மேல். உயர்த்தும்போது பழைய அடித்தளச் சுவரின் செங்கல்லையும் கட்டுமுறையையும் பின்பற்றச் சொல்லுங்கள்; படிக்கட்டு தெருவோரத்தை விழுங்காமல் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். பட்டியலிடப்பட்ட வரலாற்றுக் கட்டடங்களுக்கு வெள்ளக் காப்பீட்டு விதிகளில் சில விலக்குகள் உண்டு. கட்டாயம் இல்லை என்பதற்காக மின்பெட்டியையும் குளிர்சாதனக் கருவியையும் தரைமட்டத்தில் விட்டுவைக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: சுண்ணாம்புக்கு வாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பழைய சார்ல்ஸ்டன் செங்கல் மென்மையானது, நீரை உறிஞ்சும். அதைக் கட்டிய சாந்து சுண்ணாம்பும் மணலும் கலந்தது. தொடக்க காலத்தில் சிப்பி ஓடுகளைச் சுட்டே சுண்ணாம்பு எடுத்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய வீட்டில் வளர்ந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவருக்குள் போன ஈரம் செங்கல்லைவிட மென்மையான சாந்துக் கோட்டின் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். உப்பும் அங்கேயே படியும். நூறு ஆண்டுகளில் சாந்து உதிரும், கல் நிற்கும். உதிர்வதற்காகவே வைத்த பகுதி அது.

அந்த இடத்தில் போர்ட்லண்ட் சிமெண்டை அடைத்தால் வரிசை தலைகீழாகிறது. சிமெண்ட் கல்லைவிடக் கடினம். ஈரத்தை வெளியே விடாது. வேறு வழியில்லாத ஈரம் செங்கல்லின் முகம் வழியே வெளியேறுகிறது. கூடவே வந்த உப்பு கல்லுக்குள் படிகமாகி முகத்தை வெடிக்க வைக்கிறது. சில ஆண்டுகளில் சிமெண்டுக் கோடுகள் சட்டம்போல் துருத்திக்கொண்டிருக்க, நடுவே கல் குழிந்து பொடியாகும். போன கல்லின் முகம் திரும்ப வராது.

செய்ய வேண்டிய முறை இது. முதலில், பிற்காலப் பூச்சு படாத மறைவிடத்திலிருந்து பழைய சாந்தை எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். சுண்ணாம்பைக் கரைத்தபின் மிஞ்சும் மணலின் நிறமும் பருமனும் தெரியும். புதுக் கலவைக்கு அதே போன்ற மணல் வேண்டும். விகிதம் பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்புக் குழம்புக்கு மூன்று பங்கு மணலை ஒட்டி அமையும். சுவரில் கைப்பிடி அகலத்துக்கு மாதிரி வைத்து, அது உலர்ந்தபின் நிறத்தைப் பாருங்கள், ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கெட்ட சாந்தைக் கையுளியால் எடுக்கச் சொல்லுங்கள். சுழலும் வெட்டுக் கருவி கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். கோட்டின் அகலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் எடுத்தால் போதும். நன்றாக இருக்கும் சாந்தைத் தொடவே வேண்டாம். முழுச் சுவரையும் ஒரே சீராக்கும் ஆசைதான் பணத்தையும் பழமையையும் சேர்த்து விழுங்குகிறது.

பிறகு கல்லை நனைத்து, சாந்தை அடுக்கடுக்காகத் திணித்து, ஈரச் சாக்கால் மூடிப் பல நாள் பதமாக வைத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல இறுகும். சார்ல்ஸ்டன் கோடை வெயிலில் அவசரமாக உலர்ந்தால் பொடியாகிவிடும். இலையுதிர் காலமும் வசந்தமும் ஏற்ற பருவங்கள். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த வேலைக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

ஏற்கெனவே சிமெண்ட் அடைத்திருந்தால்? எடுக்கும்போது கல்லின் விளிம்பு உடையுமானால் விட்டுவிடுங்கள். தானாகத் தளர்ந்த இடத்தில் மட்டும் மாற்றுங்கள். மணல் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வதாக யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சூளையில் வெந்த மேல்தோல் போனால் கல் கடற்பஞ்சுபோல் நீரைக் குடிக்கும். நிறமற்ற நீர்த்தடுப்புப் பூச்சுகளும் வேண்டாம்.

பத்தாம் படி: மரமும் சன்னலும்

பழைய சன்னல் சட்டங்கள் முதிர்காட்டு நீள்ஊசிப் பைனிலோ சைப்ரஸிலோ செய்தவை. அந்த அடர்த்தியுள்ள மரம் இன்று கடையில் கிடைக்காது. கீழ்க்கட்டை மட்டும் உளுத்திருந்தால் அதை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம். கண்ணாடியைப் பதிக்கும் ஆளிவிதை எண்ணெய்ப் பசை (putty), சட்டத்தை ஏற்றி இறக்கப் புதுக் கயிறு, அந்தக் கயிற்றில் தொங்கும் எடைக்கட்டியின் பழுது நீக்கம், விளிம்பில் காற்றுத்தடை என நான்கும் சேர்ந்தால் சன்னல் இன்னொரு நூறாண்டு ஓடும். பிளாஸ்டிக் சன்னலின் இரட்டைக் கண்ணாடிக்குள் பனி படிந்தால் அதைப் பழுதுபார்க்க வழியில்லை, தூக்கி எறியத்தான் வேண்டும். வெப்பம் காக்க, வெளியேயோ உள்ளேயோ கூடுதல் புயல்சன்னல் மாட்டுவது நல்ல தீர்வு. 1978க்கு முந்தைய வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் சுரண்டும் வேலையைப் பயிற்சிச் சான்று பெற்றவரே செய்ய வேண்டும்.

பதினோராம் படி: கைகளைத் தேடுங்கள்

1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் நான்காம் வகை வேகத்தோடு தாக்கியபோது, நகரம் கூரைகளை இழந்தது. அவற்றைப் பழைய முறையில் மீட்கத் தெரிந்தவர்கள் போதிய அளவில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாடத்திலிருந்து 1999இல் ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றி, பிறகு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் த பில்டிங் ஆர்ட்ஸ் என்ற பட்டக் கல்லூரியாக வளர்ந்தது. மரச்சட்டம், கல் செதுக்கல், காரைவேலை, கொல்லுவேலை ஆகியவற்றை அங்கே நான்கு ஆண்டு படிக்கலாம். கொத்தனார் தேடுகிறவர்கள் முதலில் இந்தக் கல்லூரியையும் சார்ல்ஸ்டன் பாதுகாப்புச் சங்கத்தையும் ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் அறக்கட்டளையையும் விசாரியுங்கள். விலை கேட்குமுன், ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் சுண்ணாம்பில் செய்த சுவரைக் காட்டச் சொல்லுங்கள். நேற்று முடித்த வேலை எல்லாருடையதும் அழகாகத்தான் இருக்கும்.

இரும்பு வாயிற்கதவு இருந்தால் அதன் பின்னணியையும் விசாரியுங்கள். 1912இல் பிறந்து 2009இல் மறைந்த கறுப்பினக் கொல்லர் ஃபிலிப் சிம்மன்ஸ், அடிமையாகப் பிறந்த ஒரு கொல்லரிடம் தொழில் கற்று, 500க்கும் மேற்பட்ட கதவுகளும் கிராதிகளும் செய்தார். 1982இல் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றார். பிளேக் தெருவில் அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். அவர் கைப்பட்ட கிராதியைப் பற்றவைத்து ஒட்டாதீர்கள். ஆணி அறைந்து இணைத்ததை அதே முறையில்தான் திருத்த வேண்டும்.

பன்னிரண்டாம் படி: எழுதிவையுங்கள்

வேலை முடிந்ததும் ஒரு கோப்பு போடுங்கள். சாந்தின் விகிதம், மணல் வாங்கிய இடம், வண்ணத்தின் எண், தொட்ட சுவர்களின் முன்பின் படங்கள், கொத்தனார் பெயர், தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகவே மே மாதத்தில் கூரை, மழைநீர்க் குழாய், சன்னல் மூடுபலகைகளின் கீல்கள் ஆகியவற்றைப் பாருங்கள். டிசம்பரில் சுவர்க் கோடுகளையும் தரைக்கடியையும் பாருங்கள். பார்த்ததை அதே கோப்பில் குறியுங்கள். வீட்டை விற்கும்போது கோப்பைப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுங்கள்; அடுத்து வருகிறவர் சாந்தை மறுபடி ஆய்வுக்கு அனுப்ப வேண்டியிருக்காது.